பதினெட்டாம் நாள் பெருக்கு

பாமணியாற்று ரெகுலேட்டரில்
தண்ணீர் மட்டம் சொல்லும் பெட்டி
பதினெட்டு நாளைக்கு ஒருமுறை செத்துப்போகிறது.
ஒயரைப் பிடுங்கிச் சொருகினால் பிழைத்துக்கொள்ளும்.
அதற்கென்றே லஸ்கர் வைரக்கண்ணு
எக்செல் வண்டியில் ஏழு கிலோமீட்டர் போவான்.
"ஆடிக்கு மட்டுந்தான் பதினெட்டுன்னு நெனச்சேன் மேடம்.
இதுக்கு எல்லா மாசமும்."

மன்னார்குடி மேலராஜவீதியில்
உரக்கடைக்கு மேலே என் அறை.
யூரியா வாசனையில் கர்னல் வாசிக்கிறேன்.

கசிவு என்று பெயர் வைத்தவர்
ஒழுகும் குழாயை நினைத்திருக்கலாம்.
இங்கே ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.
இருநூற்று ஐம்பத்தாறு பைட்
கேட்டு வாங்கி
வேலி போட்டாயிற்று.
வாங்கியவன் முகவரியைத் தொலைத்துவிட்டான்.
அடங்கலில் பயிர் உண்டு என்றிருக்கிறது,
போய்ப் பார்த்தால் கோரை.
உழ முடியாது, குத்தகைக்கு விட முடியாது.
கேட்க ஆளில்லாத நிலம்
ஆளுள்ள நிலமாகவே கிடக்கிறது.

ஒரு நிரலை ஏவினேன்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது
நினைவகம் முழுக்கச் சுற்றி வரும்,
"இந்த முகவரி யாரிடமாவது இருக்கிறதா?" என்று
கதவு கதவாய்க் கேட்டு.
விடியும்போது மூவாயிரத்துச் சொச்சம் மனைகள்,
எல்லாம் ஒரே கையெழுத்து:
டிரைவரின் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.

ஐந்து நொடிக்கு ஒரு கேள்வி, மட்டம் என்ன?
மிதவையில் ஆகாயத்தாமரை சிக்கினால் பதில் இல்லை.
காத்திருந்து சலித்த டிரைவர்
மைனஸ் நூற்றுப்பத்து என்ற பிழை எண்ணைத்
திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது.
எண்ணைத்தான் திருப்பிக் கொடுக்கிறது.
இடத்தை அல்ல.

இரண்டில் ஒரு கேள்வி இப்படிப் போனால்
நாளைக்கு இரண்டே கால் மெகாபைட்.
உபரி நாற்பது.
விரல் விட்டே எண்ணலாம்.

"தாமரைய அள்ளிப் போட்றவா மேடம்?"
வேண்டாம், பிழை ஒளிந்துகொள்ளும் என்றேன்.
"ஜேஇ கேட்டா நீங்க சொன்னீங்கன்னு சொல்லவா?"
சொல் என்றேன். யோசித்துத்தான் சொன்னேன்.

திருத்தம் ஒற்றை வரி.
வெளியேறுமுன் விடுவி, அவ்வளவுதானே.
சோதனைக்குப் போட்டுவிட்டுக்
கீழே டீ குடிக்கப் போனேன்.
பதினெட்டு நாள் தாங்கிய பெட்டி
மூன்றே நிமிடத்தில் விழுந்தது.

சென்சார் பதில் சொல்லாமல் இல்லை.
தாமதமாகச் சொன்னது.
அந்தப் பதில் பழைய முகவரிக்கே போய்,
அங்கே புதிதாகக் குடிவந்தவரின் சோற்றில்
நாலடி மூன்றங்குலம் என்று எழுதிவிட்டது.

விடாமல் வைத்திருந்தவன் மெல்லக் கொன்றான்,
நான் அவசரமாக விட்டுக் கொன்றேன்.

அப்புறம் இரண்டு ராத்திரி.
முதலில் பதில் வரும் வழியை மூடு.
வந்துகொண்டிருப்பது வந்து முடியட்டும்.
அதன் பிறகு இடத்தை விடு.
திறந்த வரிசைக்குத் தலைகீழாக,
கடைசியில் திறந்ததை முதலில்.
ஆறு வரி, ஒரு பெயர்ச்சீட்டு.
விளக்கக் குறிப்பு எழுதத்தான் நேரமானது;
முதல் வரைவில் பழைய டிரைவர்காரனைத் திட்டியிருந்தேன்.
மூன்று நிமிடம் ஞாபகம் வந்தது, அழித்தேன்.

பதினேழாம் நாள் தூங்கினேன்.
பதினெட்டாம் நாள் தூங்கவில்லை.
வரைபடத்தில் கோடு
அறுத்த வயல்போல் மட்டமாகக் கிடந்தது.
ஒன்றும் நடக்கவில்லை.
இந்த வேலையில் கூலி அதுதான்:
ஒன்றும் நடக்காமல் இருப்பது.
யாரிடம் போய்க் காட்டுவது?

பத்தொன்பதாம் நாள் காலை ஆறரைக்குப் போன்.
"மேடம், பெட்டி இன்னும் அணையல. எதாச்சும் ரிப்பேரா?"
சரியாகிவிட்டது, நீ போக வேண்டாம் என்றேன்.
"வந்துட்டனே, பழக்கத்துல."
மதகு இரைச்சலுக்கு மேலே கத்தினான்:
"சொவத்து ஸ்கேல்ல நாலடி ரெண்டங்குலம்.
ஒங்களுதுல என்ன காட்டுது?"

திரையைப் பார்த்தேன்.
நாலடி ஒன்று.

"ஒரு அங்குலம் எங்க மேடம்?"

இரு, என்றேன்.
கட்டிலில் கிடந்த கண்ணாடியைத் தேடிக்கொண்டே.